சனிக்கிழமை நோட்டு

மென்டார்னு ஒரு வார்த்தை இருக்குன்னே எனக்கு ரொம்ப லேட்டா தான் தெரியும். திருப்பூர்ல நாங்க அப்படியெல்லாம் சொல்றதில்ல, "அவருகிட்ட தொழில் பழகுனேன்"னு சொல்லுவோம், அவ்வளவு தான். நான் பழகுனது ஒரு சின்ன பனியன் கம்பெனி ஓனர்கிட்ட. 2006ல சூப்பர்வைசரா சேர்ந்தப்போ அவருக்கு அம்பத்தஞ்சு வயசு இருக்கும், எனக்கு இருபத்தி மூணு. அப்பா வயசு, ஆனா எங்க ஊர் வழக்கத்துல அண்ணா. பேரெல்லாம் எழுதுனா திட்டுவாரு, அதனால இங்கயும் அண்ணா தான்.

சேர்ந்த முதல் மாசமே ஒண்ணு பண்ணி வெச்சேன். சாயம் போடற டையிங், துணி அப்புறம் சுருங்காம இருக்க பண்ற காம்பேக்டிங் எல்லாம் முடிஞ்சு துணி வந்துச்சு, நான் ரோல் எண்ணிக்கையும் எடையும் சலானோட சரியா இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போட்டு கட்டிங் டேபிளுக்கு ஏத்திட்டேன். அண்ணா வந்தாரு, ஒண்ணும் பேசாம ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்னு பாக்கற கட்டர எடுத்து துணில ஒரு வட்டம் வெட்டி தராசுல போட்டாரு. 1.9 கிராம். அந்த வட்டம் சரியா 100 சதுர சென்டிமீட்டர், அதனால நூறால பெருக்குனா 190 ஜிஎஸ்எம். ஆர்டர்ல இருக்கறது 180. "பத்து தானுங்ணா கூட, துணி நல்லா கனமா தானே இருக்கு"ன்னு நான் வேற பெருமையா சொன்னேன். கிலோவுக்கு அஞ்சு பீஸ், ஆயிரம் கிலோவுக்கு 5,000 பீஸ்னு தான் ரேட் போட்டிருந்தோம், இப்ப எத்தன வரும்னு போட்டு பாருன்னு கால்குலேட்டர என் பக்கம் தள்ளுனாரு. 4,737 வந்துச்சு. "எடை சரியா இருக்குது, யாரும் திருடல, 263 பீஸ் எங்க கண்ணு போச்சு?" அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

2010ல சொந்தமா பவர் டேபிள் போட்டேன், கம்பெனிங்க வெட்டி குடுக்கற துணிய கூலிக்கு தைக்கற யூனிட்டு, எட்டு தையல் மிஷின், நாலு ஓவர்லாக், ரெண்டு பேட்லாக், ரெண்டு சிங்கர். வேலைய விட்டு போறவன்கிட்ட ஓனருங்க மூஞ்சி குடுத்து பேச மாட்டாங்க, அண்ணா மட்டும் ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சதும் கணக்கு நோட்ட எடுத்துட்டு வான்னு. எதுக்குன்னு அப்ப புரியல. ஏதோ வேவு பாக்கறாருன்னு கூட நினைச்சேன், உண்மைய சொல்லணும்ல.

2011 ஜனவரி. நொய்யல் ஆத்துல சாயக்கழிவு விடற பிரச்சனைல ஹைகோர்ட் உத்தரவு போட்டு சாயப்பட்டறைகள மூடிட்டாங்க. நொய்யலும் ஒரத்துப்பாளையம் டேமும் என்ன கதில கெடந்துச்சுன்னு பாத்தவங்க யாரும் அந்த உத்தரவ குத்தம் சொல்ல முடியாது, ஆனா சாயம் ஏறாத கோரா துணி கோராவாவே கெடந்தா எனக்கு தைக்க என்ன இருக்கு? மூணு வாரம் மிஷின் சும்மா நின்னுச்சு, ஷெட் வாடகை மட்டும் நிக்கல. அண்ணாகிட்ட போய் ரெண்டு லட்சம் கேட்டேன். அவருகிட்ட இருந்துச்சு, எனக்கு நல்லாவே தெரியும். "தர மாட்டேன். குடுத்தா நீ என்னைய பாத்தா சந்து மாறி போவ"ன்னு சொல்லிட்டாரு.

அப்புறம் நான் போகவே இல்ல, சனிக்கிழமையும் இல்ல, நோட்டும் இல்ல. மூணாவது வாரமோ நாலாவது வாரமோ அவரே டிவிஎஸ் ஃபிப்டில வந்து ஷெட் வாசல்ல நிறுத்தி, ஒரு ஸ்டூல இழுத்து போட்டு உக்காந்து, "நோட்ட எடு"ன்னாரு. கோவத்துல தூக்கி குடுத்தேன். பத்து நிமிஷம் பாத்துட்டு, ஒரு பேட்லாக்க வித்துரு, இவ்ளோ பெரிய ஷெட்டு எதுக்கு, பாதி வாடகைக்கு போ, துணிய சாயத்துல முக்க வேண்டாத மெலாஞ்ச் நூல் ஆர்டர் யாராச்சும் ஓட்டறாங்களான்னு பத்து கம்பெனி ஏறி எறங்கு, வீட்ல உக்காந்து என்னைய திட்டிட்டு இருக்காதன்னு சொன்னாரு. மெலாஞ்ச்ல பஞ்சுலயே கலர் ஏத்தி நூல் நூக்கறாங்கங்கறது எனக்கு தெரியாத விஷயமா என்ன? பணம் பணம்னு நினைச்சதுல அது தோணவே இல்ல. மிஷினயும் வித்தேன், ஷெட்டும் மாறுனேன், அவரு மேல கோவம் மட்டும் அப்படியே வெச்சிருந்தேன், அது போக ஒரு வருஷம் ஆச்சு.

இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குள்ள அஞ்சு பைசா கொடுக்கல் வாங்கல் கெடையாது. அவரு கம்பெனி ஜாப் ஒர்க் கூட நான் எடுத்ததில்ல. இத சொன்னா நிறைய பேரு நம்பறதில்ல, ஆதாயம் இல்லாம எதுக்குய்யா வாரா வாரம் போறன்னு கேக்கறாங்க. ஒரு சிலரு பிரச்சனை வந்தா மட்டும் பெரியவங்கள தேடி போறாங்க, நல்லா ஓடறப்போ போன் கூட எடுக்கறதில்ல, நானும் அப்படி ரெண்டு சீசன் இருந்தவன் தான். கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத வாரத்துல போய் சும்மா நோட்ட விரிச்சு வெச்சிருந்ததால தான், கேக்க வேண்டிய வாரத்துல எனக்கு வெக்கமா இல்ல.

2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்போ தான் முதல் தடவையா அவரு என்கிட்ட நோட்ட நீட்டுனாரு. அம்பது வருஷ கை, பீஸ் ரேட்டு மனசுக்குள்ளயே போடற ஆளு, ஓடிபி வந்தா பதறுவாரு. சனிக்கிழமை ஒரு மணி நேரம் என் கணக்கு, ஒரு மணி நேரம் அவரு ரிட்டர்ன்னு ஆச்சு. சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கலன்னா வாங்குன கம்பெனி அந்த வருஷம் அத செலவா காட்ட முடியாதுன்னு வருமான வரில ரூல் வந்தப்போ, அத அவருக்கு சொன்னதே நான் தான். "அப்ப நீ உத்யம் பதிவு போட்டுட்டியா"ன்னு ஒரே கேள்வி, சின்ன யூனிட்டுன்னு அரசாங்கத்துல பதியறது தான் அது. போடல. அடுத்த நாளே போட்டேன்.

இப்போ மகன் கம்பெனிய பாத்துக்கறாரு, அண்ணாவுக்கு முட்டி வலி, கண்ணும் சரியில்ல. நான் நோட்ட படிக்க, அவரு திண்ணைல சாஞ்சு கேப்பாரு. 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்கா நம்ம சரக்கு மேல வரிய 50 சதவீதமாக்குனதும் எனக்கு துணி குடுக்கற கம்பெனில பாதி ஆர்டர் நின்னுச்சு, அதுக்கு அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை போனப்போ எல்லாத்தையும் படிச்சேன், சம்பளம், கரண்ட், தையல்நூல் கோன், ஊசி வரைக்கும். ஒரு பார்ட்டி அளவு மாறிருச்சுன்னு எனக்கு தர வேண்டியதுல பணம் புடிச்சு போட்ட டெபிட் நோட்ட எழுதியிருந்த பக்கத்த மட்டும் படிக்காம திருப்பிட்டேன். தப்பு என் செக்கிங்ல தான், வயசானவர எதுக்கு கஷ்டப்படுத்தணும்னு எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன்.

முடிச்சதும் அண்ணா கொஞ்ச நேரம் பேசல. அவரு வீட்டு அக்கா காபி கொண்டாந்து வெச்சுட்டு போனாங்க.

"பேப்பர் ரெண்டு தடவ திரும்புன சத்தம் கேட்டுச்சே கண்ணு."

"ஆமாங்ணா"ன்னு சொல்லிட்டு, பக்கத்த பின்னாடி திருப்புனேன்.