திறக்கட்டோ, சேர்?

"உங்கட வகுப்பைப் பகலில வையுங்கோ" என்று எங்கள் மயக்க மருந்து நிபுணர் சொன்னது இன்னும் உள்ளே கிடந்து உறுத்துகிறது. பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பிறகு, தியேட்டர் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று சொல்லப்படும் பகிடிகளில் பாதி பகிடி இல்லை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

விஷயம் சின்னது. என்னிடம் எலும்புச் சத்திரசிகிச்சை பழகிக்கொண்டிருந்த றெஜிஸ்ட்ரார், அதாவது நிபுணராவதற்குப் பயிற்சியில் இருக்கும் டாக்டர், கால் முறிந்த ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று, "திறக்கட்டோ, சேர்?" என்று கேட்டார். நான், "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். அவ்வளவுதான்.

பையனுக்கு 22 வயது. மோட்டார் சைக்கிள், இருட்டு, கட்டாக்காலி மாடு. வன்னியில் எலும்பு பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன, தோல் கிழியவில்லை. சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் பிளாஸ்டர் வைத்துக் கட்டி அம்புலன்ஸில் அனுப்பியிருந்தார்கள். நான் வாட்டுக்குப் போவதற்கு முன்பே றெஜிஸ்ட்ரார் கட்டை உள்பஞ்சுவரை பிரித்துவிட்டு, காலை நெஞ்சு மட்டத்தில் வைத்திருந்தார். வீங்கின காலை உயர்த்தி வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். இந்த இடத்தில் உயர்த்தினால், திணறிக்கொண்டிருக்கும் தசைக்குப் போகிற இரத்தம் இன்னும் குறையும். அதை யாரும் சொல்லாமலே செய்திருந்தார். கெட்டிக்காரி என்பது முதல் கிழமையிலேயே தெரிந்ததுதான்.

சந்தேகம் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். கீழ்க்காலின் தசைகள் நான்கு அறைகளுக்குள் இருக்கின்றன. அந்த அறைகளின் உறை விரிந்து கொடுக்காது. முறிவிலிருந்து இரத்தம் கசிந்து தசை வீங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி, நுண்ணிய குழாய்களில் இரத்த ஓட்டம் நின்றுபோகும். பாதத்தில் நாடி நன்றாக அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போனவர்களால் போன கால்கள் உலகம் முழுக்க உண்டு. ஆறு மணித்தியாலம் போனால் ஆபத்து, எட்டு தாண்டினால் அந்தத் தசை திரும்பாது. மருந்து கிடையாது. காலின் இரண்டு பக்கமும் நீளமாக வெட்டி நான்கு அறைகளையும் திறந்துவிட வேண்டும். அப்படித் திறந்தால், தோல் கிழியாத முறிவு நம் கையாலேயே திறந்த முறிவாகிவிடும். கிருமி போகலாம், தோல் ஒட்ட வேண்டி வரலாம், எலும்பு பொருந்தப் பிந்தலாம்.

வலிதான் முக்கிய அறிகுறி என்று படிப்பிக்கிறோம். கால் விரலை மெல்ல மடக்கி நீட்டினால் தாங்க முடியாத வலி. அவனுடைய விரலைத் தொட்டதும் கத்தினான். ஆனால் இரண்டு எலும்பும் முறிந்த பிள்ளை வேறென்ன செய்யும்?

அழுத்தம் அளக்கும் விலை கூடின கருவி எங்களிடம் இல்லை. 1975இல் வைட்சைட்ஸ் என்பவர் எழுதிவைத்த முறை இருக்கிறது: ஓர் ஊசி, சேலைன் நிரப்பிய குழாய், மூன்று வழித் திருகு, பிறகு இரத்த அழுத்தம் பார்க்கிற பழைய இரசமானி. அதில் முதல் தடவை 42 வந்தது. றெஜிஸ்ட்ரார் ஊசியைக் கொஞ்சம் மாற்றிக் குத்தினார், 38. பையனுடைய இரத்த அழுத்தத்தின் கீழ் எண் 70. எடின்பரோவில் மக்குயீனும் கோர்ட்-பிரவுனும் 1996இல் சொன்ன கணக்குப்படி, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 30க்குக் கீழே போனால் திறக்க வேண்டும். முதல் அளவில் 28. இரண்டாவதில் 32. புத்தகம் எழுதினவர்கள் எங்களோடு சேட்டை விட்டமாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

நான் என்ன நினைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுத்து, மறுபடி அளந்து பார்த்து முடிவெடுக்கலாம் என்று நினைத்தேன். நேரம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. முகத்திலும் காட்டவில்லை. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் விடையை அங்கேதான் தேடுவார்கள். நான் இரசமானியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டிலின் மறுபக்கம் தாய். "பிள்ளை, காலை எடுக்கப் போறியளோ?" என்று றெஜிஸ்ட்ராரிடம் கேட்டா. இங்கே யாருக்குக் கால் முறிந்தாலும் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி இதுதான். காரணத்தைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை, அந்தத் தாய்க்குப் பின்னால் மூத்த மகன் நின்றார். 2009இல் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலில் பாரத்தை வைக்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லை அம்மா, எடுக்காமல் இருக்கத்தான் பார்க்கிறம்" என்றார் றெஜிஸ்ட்ரார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "திறப்பம், சேர்" என்றார். நான் "சரி" என்றேன்.

வெட்டியது அவர், உதவிக்கு நின்றது நான். உள்ளே தசை நல்ல சிவப்பு. கவ்வியால் கிள்ளினால் சுருங்கியது, வெட்டின இடத்தில் இரத்தம் வந்தது. நான்கு அறைகளிலும் அப்படித்தான். வெளியே இரும்புச் சட்டம் பூட்டி எலும்பை நிறுத்தினோம். அதற்குப் பிறகுதான் அந்தத் தேத்தண்ணியும் பகிடியும்.

நல்ல தசையைப் பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டும். நேரத்தோடு திறந்திருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். திறக்கவே தேவையிருக்கவில்லை என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. சாம்பல் நிறத்தில், கிள்ளினாலும் அசையாத தசையைத் திறந்து பார்த்தவன் நான். அங்கே திறந்தது சரி என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் அந்தக் கால் போய்விட்டிருக்கும். எங்கள் வேலையில் சரியான முடிவு பிழையான முடிவைப் போலவே தோற்றமளிக்கும் இடம் இது. இதை ஒரு றெஜிஸ்ட்ராருக்கு எப்படிப் படிப்பிப்பது?

துளை போடவும், தகடு பூட்டவும், ஆணி அடிக்கவும் படிப்பிக்கலாம். சுவிட்சர்லாந்தில் 1958இல் எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சைக்காகத் தொடங்கின ஏ.ஓ. என்ற குழுவினர் 1960இலிருந்து டாவோஸில் அதற்கு வகுப்பு நடத்தி வருகிறார்கள். இன்று எங்கள் பிள்ளைகளும் எங்கோ ஒரு மண்டபத்தில் பிளாஸ்டிக் எலும்பில் அதே பயிற்சியைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். பிளாஸ்டிக் எலும்பு வீங்காது. அதற்கு அம்மா இல்லை.

அதனால் அந்தக் கேள்வியைக் கேட்டது சரி என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அவர் நிபுணராகி, இதேபோல தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குத்தான் முதலில் போவார். இரவில் கேட்பதற்கு மேலே ஆள் இருக்காது. யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்பலாம் என்றால் ஏ9 வீதியில் காலும் நேரமும் சேர்ந்து ஓடும். நான் பக்கத்தில் நிற்கும்போதே ஒருமுறை தானாக முடிவெடுத்துப் பார்க்கட்டும். அவர் மோசமாக ஏதும் சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். "விடியப் பார்ப்பம்" என்று சொல்லியிருந்தால் நிச்சயம் தடுத்திருப்பேன்.

இது நல்ல வாதம். அந்தப் பையனின் காலை நினைக்காதவரை நல்ல வாதம். வெளிப்பக்க வெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தைத்து மூடினோம். உள்பக்கத்துக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. அப்புறம்தான் உள்ளே ஆணி. அந்தக் காலபோகத்துக்கு அவன் வயலில் இறங்கவில்லை. குத்தகைக் காணியைத் தாயும் அண்ணனும் பார்த்தார்கள். அண்ணன் என்றால், செயற்கைக் காலோடு சேற்றில். ஒரு மணித்தியாலம் பொறுத்திருந்தால் இதெல்லாம் இல்லாமல் போயிருக்கலாம். அல்லது வீட்டில் இரண்டாவது செயற்கைக் கால் வந்திருக்கலாம்.

எனக்கு விடை தெரிந்துதான் கேட்டேன் என்ற மாதிரி எழுதியிருக்கிறேன். உண்மையில் தெரிந்திருந்ததா? 42க்கும் 38க்கும் நடுவில் நின்ற எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் வசதியாகவும் இருந்திருக்கலாம். மயக்க மருந்து நிபுணர் அதைத்தான் பார்த்தாரோ என்னவோ. இல்லை, வசதிக்காகக் கேட்கவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதை நிரூபிக்க என் வார்த்தையைத் தவிர வேறொன்றும் இல்லை.

பயிற்சி முடிந்து போகும் கிழமையில் றெஜிஸ்ட்ராரிடம், "அண்டைக்கு எதை வச்சு முடிவெடுத்தனீங்கள்? 28ஐ வச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை சேர்" என்றார். "அந்த அண்ணாவைப் பார்த்தன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சையில் இப்படிப் பதில் சொன்னால் புள்ளி கிடையாது. நோயாளியின் அண்ணனுக்கு எத்தனை கால் என்பது அழுத்தக் கணக்கில் வராது. ஆனால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது, ஒரு பக்கம் தவறினால் அந்த வீடு என்ன ஆகும் என்று பார்த்ததைப் பிழை என்று எப்படிச் சொல்வது? நான் அந்த அண்ணனைப் பார்த்தேன்தான். என் கணக்கில் அவரைச் சேர்க்கவில்லை.

"நீங்கள் எண்டால் திறந்திருப்பியளோ, சேர்?" என்று பிறகு கேட்டார்.

"ஒரு மணித்தியாலம் பொறுத்திருப்பன்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதை அண்டைக்கே சொல்லியிருந்தால் நானும் பொறுத்திருப்பன்." அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. நன்றியும் இருக்கவில்லை.

பயிற்சிப் பதிவேட்டை நீட்டினார். ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் எதிரே, பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று குறிக்க வேண்டும். அந்த இரவுக்கு எதிரே 'மேற்பார்வையில் செய்தது' என்று அவரே குறித்து வைத்திருந்தார். வெட்டினது யார் என்று கேட்டால் அது சரிதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.