மணி என்ன இருக்கும்?

என் சீனியர் குறுக்கு விசாரணையில் அதட்டவே மாட்டார். "அப்ப மணி என்ன இருக்கும்மா?" என்று சாதாரணமாகக் கேட்பார். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, அதிகம் ஆஜராகும் அலுவலகம் அது. நான் ஜூனியராகச் சேர்ந்த புதிது. போலீசில் சொன்னது, மாஜிஸ்திரேட்டிடம் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164 பிரிவில் வாக்குமூலமாகச் சொன்னது, கூண்டில் சொல்வது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முரண்படும் இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடு போடுவது என் வேலை.

அந்த வழக்கில் ஓர் இடத்தில் 7 மணி, இன்னோரிடத்தில் 8. கூண்டில் அந்தப் பெண், "இருட்டிப்போச்சு, மணி பார்க்கலை" என்றார். மூன்றும் மூன்று மாதிரி. வழக்கே முடிந்தது என்று நினைத்தேன்.

தீர்ப்பில் அதற்கு ஒரு பத்திதான் கிடைத்தது. பர்வாடா போகின்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொன்னதை நீதிபதி எடுத்துக்காட்டியிருந்தார்: மனிதருடைய நினைவு வீடியோ டேப் இல்லை, நேரத்தை எல்லோரும் உத்தேசமாகத்தான் சொல்வார்கள், வழக்கின் வேரை அசைக்காத முரண்பாட்டைப் பெரிதாக்கக் கூடாது. அப்புறம் 1996-ன் குர்மித் சிங் தீர்ப்பு. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும், வேறு ஆதாரம் கட்டாயமில்லை. அந்தப் பத்தியைப் படித்தபோது என் சிவப்புக் கோடுகள் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிழைத்திருத்தம் மாதிரி தெரிந்தன.

எங்கள் தரப்பில் இன்னொரு வாதமும் இருந்தது. அலிபி, அதாவது ஆள் அப்போது வேறிடத்தில் இருந்தார் என்பது. சம்பவ நேரத்தில் எங்கள் கட்சிக்காரர் வேலையில் இருந்தார் என்று வருகைப் பதிவேட்டைக் காட்டினோம். கையெழுத்து சரியாகவே இருந்தது. மேற்பார்வையாளரும் வந்து சாட்சி சொன்னார். அரசு வழக்கறிஞர் ஒரே கேள்விதான் கேட்டார்: "7 மணியிலிருந்து 9 மணிவரை இவரை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?" மேற்பார்வையாளர் கொஞ்சம் யோசித்தார். "பார்த்த ஞாபகம் இல்லைங்க."

2024 வரை நடப்பில் இருந்த 1872-ன் சாட்சியச் சட்டம் 11-வது பிரிவுக்குத் தந்த உதாரணத்தில், குற்றம் நடந்தது கல்கத்தாவில், அன்றைக்கு அந்த ஆள் இருந்தது லாகூரில். எங்கள் கட்சிக்காரருக்கு லாகூர் இல்லை, 12 கிலோமீட்டர். கையில் பைக் வேறு. சம்பவ இடத்தில் இருந்திருக்கவே முடியாது என்கிற அளவுக்கு நிரூபித்தால்தான் அலிபி நிற்கும் என்று 1996-ல் பினய் குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேறிடத்தில் இருந்ததாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். போதாததற்கு, கைதானபோது சொல்லாத கதை, அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்தபின் நீதிபதி எதிரியிடமே கேட்கும் 313 கேள்வியின்போதுதான் முதன்முதலாக வெளியே வந்தது. அதையும் நீதிபதி குறித்திருந்தார். தண்டனை.

நேரம் சரியாகத் தெரியவில்லை என்பதற்காக அந்தப் பெண்ணுடைய சாட்சியம் விழவில்லை. எங்கள் அலிபிக்கோ நேரத்தைத் தவிர வேறு முதுகெலும்பே கிடையாது. அவர் நிமிடக் கணக்காகச் சொல்லியிருந்தால்தான் சொல்லிக்கொடுத்த சாட்சியோ என்று சந்தேகம் வந்திருக்கும் என்று சீனியரே பிறகு ஒருநாள் சொன்னார். (சாட்சியச் சட்டத்தின் 2002-ன் திருத்தத்துக்கு முன்பு மணியைக் கேட்க வேண்டிய அவசியமே சீனியருக்கு இருந்திருக்காது. புகார் கொடுத்தவரின் 'நடத்தை'யைக் கிளறச் சட்டத்தின் 155(4) பிரிவே இடம் கொடுத்தது. அந்தக் காலத்துக் கட்டுகளைப் படித்தால் இப்போதும் குமட்டும்.)

அலிபி விழுந்துவிட்டால் அரசுத் தரப்பு ஜெயித்தது என்று அர்த்தமில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமை அவர்களை விட்டு நகர்வதே இல்லை. பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க, அது அப்பழுக்கற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்று 2012-ன் ராய் சந்தீப் வழக்கில் விடுதலையும் தந்திருக்கிறார்கள்.

சில வருடங்கள் கழித்துப் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் வந்தேன். ஒரு வழக்கில் எதிரி முன்பின் தெரியாத ஆள். பலரை வரிசையில் நிறுத்தி ஆளை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடத்தவில்லை. பாதிக்கப்பட்ட பெண் சம்பவத்துக்குப் பிறகு அவரைக் கூண்டிலிருந்துதான் முதன்முதலாகப் பார்த்து, "இவர்தான்" என்றார். எதிர்த்தரப்பு ஒரு மருத்துவமனையின் நோயாளிக் கோப்பைக் கொண்டுவந்தது. சம்பவ இரவு முழுக்க அந்த ஆள் உள்நோயாளி. மணிக்கணக்கில் நர்ஸ் போட்ட குறிப்புகள், டிரிப்ஸ் மாற்றிய நேரம், டாக்டர் வந்துபோன நேரம். கிடந்தது வேறு மாவட்டத்தில். இதுதான் லாகூர்.

அதுவரை நான் நினைத்திருந்தது, அலிபியை நம்பினால் அந்தப் பெண் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடும் என்று. தெரிந்த ஆள் மீது வழக்கு என்றால் அது அப்படித்தான் போய் முடியும். இங்கே நீதிபதி அப்படி எழுதவில்லை. இந்தப் பெண்ணுக்கு நடந்தது நடந்ததுதான், அதை நம்ப ஒரு தடையும் இல்லை, செய்தவர் இந்த எதிரி என்பது மட்டும் நிரூபணமாகவில்லை என்று எழுதினார். நான் வாதம் எழுதிக்கொடுத்த வழக்கில் நாங்கள் தோற்றோம். தீர்ப்போ சரியான தீர்ப்பு.

வராண்டாவில் அந்தப் பெண்ணுக்குத் தீர்ப்பை மெதுவாக விளக்கினேன். உங்களை நம்பியிருக்கிறார்கள் என்பதை இரண்டு தடவை சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி மேடம்" என்றார். அப்புறம், "அப்ப யாரு மேடம் அது?"