அவ்வளவுதானா?

"டிசம்பர் வரைக்கும் செலவு எவ்வளவு?"

"ஒன்றரை லட்சம் சார்."

"அவ்வளவுதானா?"

"ஆமா சார்."

"அப்ப எதுக்கு ஆறு? மூணு போடுங்க."

போட்டேன். எங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் ஜனவரி கடைசியில் பட்ஜெட் வேலை நடக்கும்போது ஒரு நாளைக்கு இப்படி முப்பது, நாற்பது தலைப்புகள் போகும். தெருவிளக்கு, வாகன டீசல், அச்சுக்கூலி என்று வரிசையாக வரும். வீடற்றோர் காப்பகப் பராமரிப்பும் அதில் ஒரு வரி; ஆண்டுக்கு ஆறு லட்சமாக இருந்த அதன் ஒதுக்கீடுதான் இப்படி மூன்றானது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆறு மாதமாக அந்த ஒரு நிமிடம்தான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சார் கேட்டது செலவை. கணக்கில் இருந்த செலவைச் சொன்னேன். இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அவர் இரண்டாவதாக ஒன்று கேட்டாரே! "அவ்வளவுதானா?" என்று கேட்டது எண்ணைச் சரிபார்க்க இல்லை, ஏன் குறைவு என்று தெரிந்துகொள்ளத்தான். அதற்கான பதில் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஜூலை முதல் டிசம்பர் வரைக்குமான இரண்டு காலாண்டு பில்களை, மொத்தம் மூன்று லட்சத்துக்கு, திருப்பி அனுப்பியதே நான்தான். அந்தக் கடித நகல் அங்கேதான் இருந்தது.

திருப்பியதற்குக் காரணம் உண்டு. வருகைப் பதிவேட்டில் பதினோரு நாளைக்குக் கையெழுத்தெல்லாம் ஒரே கையில் இருந்தது. கேட்டால் காப்பகத்து அம்மா மறைக்கவே இல்லை. "ராத்திரி பத்து மணிக்கு வந்து படுக்குறாங்க கண்ணு, நாலு மணிக்கு மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போயிடுறாங்க. எழுப்பிக் கையெழுத்து கேக்க மனசு வரல, நானே போட்டுட்டேன்" என்றார். நான் நம்பினேன். ஆனால் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 'நம்பினேன்' என்று எழுத முடியாது. எங்கள் பிரிவில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்படி ஒரு பில்லைப் பாஸ் பண்ணி, தணிக்கையில் அந்தச் செலவு செல்லாது என்று தடை வந்து, ஓய்வு பெறும்போது அவர் பணத்தில் பிடித்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். இன்றைக்கு அதே பதிவேடு வந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்.

சரி, பில்லைத் திருப்பியதில் எனக்கு உறுத்தல் இல்லை. அது பாக்கி நிற்கிறது என்று சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது. பில்லை ஏற்றிருந்தால், பணம் தராவிட்டாலும் அது செலவாகக் கணக்கில் ஏறியிருக்கும். திருப்பி அனுப்பிய பில்லுக்குக் கணக்கில் இடமே கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, கொடுத்த பணத்தைச் செலவழிக்கத் தெரியாத காப்பகம் என்றுதான் படும். அப்படி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான்.

அந்த ஆறு லட்சமும் யாரோ மனம் போனபடி போட்ட எண் இல்லை. லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஒரு காப்பகமாவது ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. அப்புறம் 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் 50 பேர் தங்கும் காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று வைத்தார்கள். ஐந்து ஆண்டு முடிந்தால் உள்ளாட்சியின் பாடு. எங்களிடம் அது பொதுநிதியில் ஒரு வரியாக வந்து சேர்ந்தது. வகுத்துப் பார்த்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட வராது. சாப்பாடு, காப்பாளர் சம்பளம், கரண்ட், பினாயில் எல்லாம் அதற்குள்தான்.

மார்ச்சில் மன்றக் கூட்டம். கவுன்சிலர்கள் குடிநீருக்கும் சாக்கடைக்கும் குரல் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். காப்பகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே படுப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்த வார்டிலும் ஓட்டு இல்லை. பதிவேட்டில் 'ஊர்' என்ற கட்டத்தில் பாதிக்குமேல் 'சொல்லவில்லை' என்றுதான் இருக்கும். ஒரு வரியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெரியம்மா, பேச்சு வராது' என்று எழுதி, பக்கத்தில் நீல மையில் பெருவிரல் ரேகை. அந்த ஒரு ரேகை மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. பில்லைத் திருப்பிய அன்றே அதைக் கவனித்தேன்.

அடுத்து நடந்ததை நான் கணக்குப் போட்டே பார்த்திருக்க வேண்டும். நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீட்டையும், அதாவது ஆண்டு முடியுமுன் மாற்றிப் போடும் ஒதுக்கீட்டையும், மூன்று லட்சமாகக் குறைத்திருந்தோம். பதிவேட்டைச் சரிசெய்து மார்ச்சில் பில் திரும்பி வந்தபோது ஒரு காலாண்டுக்குத்தான் பணம் மிச்சமிருந்தது. மிச்சமிருந்த ஒரு காலாண்டும் ஜனவரி–மார்ச் காலாண்டும் சேர்ந்து மூன்று லட்சம் புது ஆண்டு ஒதுக்கீட்டில் போனது. புது ஆண்டுக்கு வைத்ததே அந்த மூன்று லட்சம்தான்.

ஏப்ரலில் அந்த அம்மா வந்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நீதானே எங்க பில்லைப் பார்த்தவ, நீ எடுத்துச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன் கண்ணு" என்றார். "நான் சொல்லியிருந்தாலும் குறைச்சிருப்பாங்கம்மா" என்றேன். அது உண்மையாகக்கூட இருக்கலாம். பற்றாக்குறை பட்ஜெட்டில் எங்கே வெட்டலாம் என்றுதான் எல்லோரும் தேடிக்கொண்டிருந்தோம். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரவுச் சமையலுக்கு இருந்தவர் மே மாதம் நின்றுவிட்டார். கல்யாண மண்டபங்களில் மிஞ்சுவதைக் கேட்டு வாங்கி வந்து ராத்திரிக்குப் போடுகிறார்களாம். வைகாசி முகூர்த்தங்களில் சாம்பார் சாதமும் கேசரியும் தாராளமாகக் கிடைத்ததாம்.

வேறு தலைப்பிலிருந்து பணத்தை மாற்றித் தரும் மறு ஒதுக்கீடு கேட்டு நான் எழுதிய குறிப்பு ஜூனில் மேலே போனது. பாக்கி பில் விவரத்தைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். கோப்பு இன்னும் இறங்கி வரவில்லை. ஆடி பிறந்து ஒன்பது நாள் ஆகிறது, இந்த மாதம் எந்த மண்டபத்திலும் கல்யாணம் இல்லை.