பழுப்புப் பட்டாம்பூச்சியா? அடியிறக்கைக் கண்களை எண்ணுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் நிழலிலும் செம்பனை வரிசைகளுக்கு நடுவிலும், முழங்கால் உயரத்துக்குள் துள்ளித் துள்ளிப் பறக்கும் சின்னப் பழுப்புப் பட்டாம்பூச்சிகளை எல்லாரும் ஒரே இனமாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். நிறத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இறக்கையை மூடி உட்காரும்போது தெரியும் அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் முன்னிறக்கை. மஞ்சள் வளையம் போட்ட ஒரே பெரிய கரும்பொட்டு (இப்படி வளையமிட்ட பொட்டைத்தான் கண் என்கிறோம்), அதற்குள் இரண்டு வெள்ளிப் புள்ளிகள், இறக்கை முழுக்க நூல் நூலாகப் பழுப்புக் கீறல் என்றிருந்தால் அது இப்திமா, அதாவது ‘ரிங்’ வகை. கண்கள் தனித்தனியாக இரண்டு, மேலே சின்னது, கீழே பெரியது, இரு இறக்கைகளையும் கடந்து ஓடும் வெளிர்கோடு என்றிருந்தால் மைகலேசிஸ், அதாவது ‘புஷ் பிரவுன்’. இதில் ஒரு வம்பு உண்டு. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முன்னிறக்கையைப் பின்னிறக்கைக்குள் இறக்கிக்கொள்ளும். கீழிருக்கும் பெரிய கண் மறைந்துவிடும். ஒற்றைக்கண் என்று பலர் ஏமாறுவது இங்கேதான். அதனால் உட்கார்ந்தவுடனே முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.

‘ரிங்’ என்று உறுதியானால் பின்னிறக்கைக்கு வாருங்கள். மேல்மூலையில் இரண்டு கண்கள் நெருங்கியிருந்தால் ‘ஃபைவ் ரிங்’, இப்திமா பால்டஸ். மேலே ஒன்றுதான் என்றால் கீழே எண்ண வேண்டும்: மூன்று இருந்தால் ‘ஃபோர் ரிங்’, இப்திமா ஹியூப்னெரி, இரண்டு இருந்தால் ‘த்ரீ ரிங்’, இப்திமா பாண்டோகஸ். வாலோரக் கடைசிக் கண்ணுக்குள் இரட்டைப்புள்ளி இருக்கலாம், அதை ஒன்றாகவே எண்ணுங்கள். புள்ளியை எண்ணினால் கணக்கு தப்பும், வளையத்தை எண்ணுங்கள். ‘மலாயன் ஃபைவ் ரிங்’ என்று பால்டஸைப் போலவே ஒன்று இருக்கிறது; மங்கலான படத்தை வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றென்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

ஓணானோ குருவியோ கொத்தி வாலோரம் கிழிந்திருந்தால் நான்கு மூன்றாகிவிடும். மறுபக்க இறக்கையையும் பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள்.

இவற்றின் புழுக்களுக்குப் புல்தான் உணவு. திடல்களில் வளரும் கவ் கிராஸைப் பாண்டோகஸ் புழு தின்னும். செம்பனை அடியில் களைக்கொல்லி அடித்த வட்டத்தில் தேடிப் பயனில்லை, வரிசைகளுக்கு இடையே விட்ட புல்லில் தேடுங்கள். காலை வெயில் ஏறுமுன் போனால் அசைவு குறைவு. நிழல் மேலே விழாமல் பக்கவாட்டில் குனிந்து, லென்ஸை இறக்கைக்கு நேராக வைத்து எடுங்கள். சாய்ந்தால் ஓரத்துக் கண்கள் மங்கிப்போகும்.