பெயரை மாற்றினால் போதாத 43 இடங்கள்

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு லினக்ஸ் கர்னலில், அதாவது அந்த இயங்குதளத்தின் மையக் கருவில், வேலை செய்கிறேன் என்று சொன்னால், என் உறவினர்களில் பாதிப்பேர் அதைக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, செய்கிற வேலையில் பெரும்பங்கு பழுதுபார்ப்புதான். எங்களுடையது ஒரு மாடியில் இயங்கும் சிறிய நிறுவனம். பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் கோபுர அடியில் பொருத்தப்படும் பதிவுப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். கியர்பாக்ஸின் அதிர்வை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து கோப்பாக எழுதிவைப்பதே அந்தப் பெட்டியின் வேலை. உள்ளே இருப்பது நான்கு கோர் கொண்ட 32 பிட் ஏஆர்எம் பலகை. நினைவகம் 2 ஜிபி.

இந்தப் பெட்டிகள் 4.19 கர்னலில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பதிப்புக்கான நீண்டகால ஆதரவு 2024 டிசம்பரோடு முடிவதாக இருந்ததால், அந்த ஆண்டு தை மாதம் 6.1-க்கு மாறும் பணி தொடங்கியது. சென்சாரைக் கர்னலோடு பேசவைக்கும் நிரலான டிரைவர் நாங்களே எழுதியது. மூலக் கர்னலில் சேராதது. ஆகவே அதை வேறு யாரும் நமக்காகத் திருத்தித் தர மாட்டார்கள். புதிய பதிப்போடு அதைச் சேர்த்துக் கட்டியபோது பிழை ஏதும் வரவில்லை. ஆனால் செக்பேட்ச் என்னும் சரிபார்ப்பு ஸ்கிரிப்டை ஓட்டினேன். கேமேப், கேமேப் அடாமிக் ஆகிய இரண்டு ஃபங்ஷன்களும் வழக்கொழிந்தவை, கேமேப் லோக்கல் பேஜைப் பயன்படுத்துங்கள் என்று அது 43 இடங்களில் முணுமுணுத்தது. 43 இடங்கள்தானே, மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

இந்த ஃபங்ஷன்கள் ஏன் வந்தன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 32 பிட் செயலியால் சுட்டிக்காட்டக்கூடிய முகவரிகள் மொத்தம் 4 ஜிபி அளவுக்குத்தான் உண்டு. அதில் வழக்கமாக 3 ஜிபி பயனர் நிரல்களுக்குப் போய்விட, கர்னலுக்கு எஞ்சுவது 1 ஜிபி. அந்த ஒன்றிலும் வேறு சில தேவைகளுக்கு இடம் ஒதுக்கியது போக, எங்கள் ஏஆர்எம் பலகையில் ஏறத்தாழ 760 எம்பி நினைவகத்தை மட்டுமே கர்னலால் நிரந்தர முகவரி கொடுத்து வைத்துக்கொள்ள முடிகிறது. மீதி நினைவகம் பலகையில் இருக்கிறது, மின்சாரமும் குடிக்கிறது, ஆனால் கர்னலின் கண்ணுக்கு அதற்கு முகவரி கிடையாது. ஹைமெம் எனப்படும் அந்தப் பகுதியிலுள்ள ஒரு பக்கத்தை, அதாவது 4096 பைட்டை, தொட வேண்டுமானால் தற்காலிகமாக ஒரு முகவரியை வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 2001-இல் வெளியான 2.4 பதிப்பின் காலத்திலிருந்தே கேமேப் இந்த வேலையைச் செய்துவந்தது.

கேமேப்பின் தொல்லை, அதன் முகவரிகள் எல்லோருக்கும் பொதுவானவை என்பதுதான். எங்கள் பலகையில் அப்படி 512 இடங்கள். எல்லாம் நிரம்பிவிட்டால் கேட்கிறவன் தூங்கிக் காத்திருக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்து முதல் இடத்துக்குத் திரும்பும்போதெல்லாம், எல்லாக் கோர்களிலும் உள்ள டிஎல்பி பதிவுகளை, அதாவது செயலி நினைவில் வைத்திருக்கும் முகவரிக் குறிப்புகளை, கழுவ வேண்டும். இதற்கு மாற்றாக இருந்த கேமேப் அடாமிக் வேகமானது; ஆனால் முகவரி கையில் இருக்கும் வரை அது பேஜ் ஃபால்ட்டை, அதாவது நினைவகத்தில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் கர்னல் அதை வரவழைப்பதை, தடுத்துவிடும்; ஓடும் வேலையை இடையில் நிறுத்தி வேறொன்றுக்கு இடம் கொடுக்கும் ப்ரீயெம்ஷனையும் நிறுத்திவிடும். குறித்த நேரத்துக்குள் பதில் தந்தாக வேண்டிய நிகழ்நேரக் கர்னலுக்காக உழைத்தவர்களுக்கு இது நெடுநாள் முள்ளாக இருந்தது. 2021 பிப்ரவரியில் வந்த 5.11 பதிப்பில் கர்னல் உருவாக்குநர் தாமஸ் கிளைக்ஸ்னர் கொண்டுவந்த கேமேப் லோக்கல் இரண்டு தொல்லைக்கும் விடை சொன்னது. அது தரும் முகவரி, கேட்ட த்ரெட்டுக்கு மட்டுமே சொந்தம். த்ரெட் என்றால் செயலியில் தனியே ஓடும் ஒரு வேலைச் சரடு. அந்த த்ரெட் செயலியை விட்டு இறங்கும்போது கர்னலே அந்த முகவரியை அழித்துவைத்து, மறுபடி ஏறும்போது திருப்பிப் போட்டுக் கொடுக்கும். ஆகவே பேஜ் ஃபால்ட் வரலாம், தூங்கவும் செய்யலாம், சாதனம் குறுக்கிட்டு அழைக்கும் இன்டரப்ட்டுக்குள்ளேயும் அழைக்கலாம்.

"கேட்ட த்ரெட்டுக்கு மட்டுமே சொந்தம்" என்ற அந்தச் சொற்றொடரை நான் ஆவணத்தில் படித்தேன். படித்துவிட்டு, எடிட்டரில் தேடு-மாற்று கட்டளையைக் கொடுத்தேன்.

முதலில் தடுத்தது கம்பைலர். கேமேப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது பக்கத்தைக் கொடுக்க வேண்டும். லோக்கலில் முகவரியைக் கொடுக்க வேண்டும். நான் எல்லா இடத்திலும் பக்கத்தையே கொடுத்திருந்தேன். நல்லவேளையாக, இந்தத் தவறு நடக்கும் என்று எதிர்பார்த்து, கட்டும்போதே பிழை காட்டும்படி அதை எழுதியிருக்கிறார்கள். அடுத்துத் தடுத்தது வரிசை. லோக்கலில் இரண்டு பக்கங்களைத் திறந்தால், கடைசியில் திறந்ததைத்தான் முதலில் மூட வேண்டும். அடுக்குப் பானையில் அடியிலிருப்பதை முதலில் உருவுவதுபோல எங்கள் பழைய நிரலில் மூன்று இடங்கள் இருந்தன. இவற்றைச் சரிசெய்தபின் என் 64 பிட் மடிக்கணினியில் போலிச் சென்சாரை வைத்து ஓட்டினேன். அலுவலக மேசையில் கிடந்த பழைய சோதனைப் பலகையிலும் இரண்டு நாள் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. மாற்றங்களின் தொகுப்பான பேட்சை மூத்தவரின் பார்வைக்கு அனுப்பினேன்.

எங்கள் மூத்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் வீட்டுக்காரர். பிசானத்துக்கு நாற்று நடும் வாரத்தில் அவரை அலுவலகத்தில் பார்க்க முடியாது. பேட்சைக் காகிதத்தில் அச்சிட்டுப் படிக்கிற வழக்கம் அவருக்கு உண்டு. மறுநாள் ஒரு தாளை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார்.

"ஏ தம்பி, இந்த எடத்துல பேஜ் ஃபால்ட்ட யாரு தடுக்கா? முன்ன அடாமிக் தடுத்துச்சு. இப்ப?"

அந்த இடத்தில் டிரைவர், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உள்ளே விடும் தன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே பயனரின் நினைவகத்திலிருந்து தரவை எடுக்கிறது. பயனரின் பக்கம் அப்போது நினைவகத்தில் இல்லையென்றால், எடுக்கும் முயற்சி பாதியில் தோற்றுத் திரும்ப வேண்டும். டிரைவர் பூட்டை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை வரவழைத்து, மீண்டும் முயல வேண்டும். பழைய நிரல் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் தோற்றுத் திரும்பச் செய்தது நிரலிலுள்ள எந்த வரியும் அல்ல. கேமேப் அடாமிக்கின் பக்க விளைவு. நான் பெயரை மாற்றியவுடன் அந்தத் தடுப்பு போய்விட்டது. இனி பேஜ் ஃபால்ட் அங்கேயே, பூட்டு கையில் இருக்கும்போதே கையாளப்படும். பயனர் கொடுத்த நினைவகம் இதே டிரைவர் பயனருக்குத் திறந்துவிட்ட எம்மேப் பகுதியாக இருந்துவிட்டால், அதற்கான ஃபால்ட் ஹேண்ட்லரும் அதே பூட்டைக் கேட்கும். டிரைவர் தனக்காகத் தானே காத்துக்கொண்டு நிற்கும். எங்கள் பயனர் நிரல் அப்படிக் கொடுப்பதில்லை என்பதால் எந்தச் சோதனையிலும் இது வெளிப்பட்டிருக்காது. பேஜ் ஃபால்ட்டை வெளிப்படையாக நிறுத்தும் வரியையும் மறுபடி அனுமதிக்கும் வரியையும் சேர்த்தேன். இதை எழுதியவர் ஏன் அப்போதே ஒரு குறிப்பு எழுதிவைக்கவில்லை என்று எரிச்சலாக வந்தது. பழைய பதிவுகளைப் புரட்டினால், எழுதியவர் அண்ணாச்சிதான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் அந்தத் தாளை எடுத்து வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனி மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று முழு வேகத்தில் வீசத் தொடங்கிய நாளில், பணகுடியில் ஒரு கோபுரத்தில் மட்டும் புதிய கர்னலைப் போட்டோம். ஐந்தாம் நாள் அங்கிருந்து வந்த அதிர்வுக் கோப்பின் வரைபடத்தில் ஒரு விகாரமான கொத்து தெரிந்தது. கியர்பாக்ஸ் உடைந்தால்கூட அப்படித் தெரியாது. கோப்பைத் திறந்து பைட் பைட்டாகப் பார்த்தேன். சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்த எண்களுக்கு நடுவே, திடீரென்று தேதி, நேரம், சிஸ்டம் லாகின் வாசகங்கள். எண்ணிப் பார்த்தால் கச்சிதமாக 4096 பைட். அதன்பின் ஒன்றும் நடவாததுபோல அதிர்வு எண்கள் தொடர்ந்தன. நினைவகத்தின் ஒரு பக்கம் அப்படியே இடம் மாறி வந்து உட்கார்ந்திருந்தது. சென்சார்மீதோ கம்பிமீதோ பழி போட வழியே இல்லை.

வேய்ந்தான்குளம் நிலையத்தில் நாகர்கோவில் பேருந்து ஏறி, நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிப் பணகுடி போய் இறங்கினேன். கோபுர அடியின் இரும்புக் கதவைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. பெட்டியின் லாகை எடுத்தபோது, அந்த ஐந்து நாளில் கர்னல் இரண்டு முறை விழுந்திருப்பதும், விழுந்த கணினியை மீண்டும் தொடங்கவைக்கும் வாட்ச்டாக் அதைச் சத்தமில்லாமல் எழுப்பிவிட்டிருப்பதும் தெரிந்தது. விழுந்த இரு முறையும், தரவைச் சுருக்கும் வேலையைப் பின்னணியில் வேறொரு த்ரெட்டில் செய்கிற ஒர்க்கியூவில்தான் விழுந்திருந்தது.

திரும்பி வரும் பேருந்தில் விஷயம் புரிந்தது. பழைய நிரலில் ஒரு த்ரெட் பக்கத்தைக் கேமேப் செய்து, அந்த முகவரியை ஒர்க்கியூவிடம் கொடுத்துவிட்டு, சுருக்கி முடியும்வரை தூங்கும். முடிந்ததும் எழுந்து மூடும். முகவரி பொதுவாக இருந்த காலத்தில் அதில் குற்றமில்லை. லோக்கலாக மாறியபின், முதல் த்ரெட் தூங்கப்போகும் கணத்திலேயே கர்னல் அந்த முகவரியைக் காலிசெய்துவிடுகிறது. ஒர்க்கியூ அதே முகவரியில் கை வைக்கும்போது அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் கர்னல் விழுகிறது. அந்தக் கோரில் அடுத்து ஏறிய த்ரெட், லாக் கோப்பை எழுதுவதற்காக அதே இடத்தில் தன் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால், ஒர்க்கியூ அதை எடுத்து அதிர்வு என்று நம்பிச் சுருக்கிவிடுகிறது. அண்ணாச்சியிடம் சொன்னபோது, "மடையத் தொறந்தவன்தாம் தண்ணி பாய்ச்சணும். நீ தொறந்துட்டுப் படுத்துட்ட, அவன் வந்து வெறும் வாய்க்கால்ல மம்பட்டிய வைக்கான்" என்றார். திருத்தம் சிறியது: ஒர்க்கியூவிடம் முகவரிக்குப் பதிலாகப் பக்கத்தையே கொடுத்து, திறப்பதையும் மூடுவதையும் அங்கேயே செய்ய வைத்தேன்.

இரண்டு சோதனையிலும் இது ஏன் அகப்படவில்லை என்பதற்கான விடைதான் என்னை அதிகம் கூச வைத்தது. 64 பிட்டில் எல்லா நினைவகத்துக்கும் நிரந்தர முகவரி உண்டு; அங்கே கேமேப் லோக்கல் அந்த முகவரியை அப்படியே திருப்பித் தருவதோடு சரி, திறப்பதும் இல்லை மூடுவதும் இல்லை. மேசையில் கிடந்த பழைய பலகையோ 512 எம்பி நினைவகம் கொண்டது. 760-க்குள் முழுதும் அடங்கிவிட்டதால் அதில் ஹைமெம்மே இல்லை. நான் மாற்றிய வரிகளில் ஒன்றுகூட உண்மையில் வேலை செய்யாத இரண்டு இடங்களில் அவற்றைச் சோதித்துவிட்டு, பணகுடிக்கு அனுப்பியிருக்கிறேன். 2 ஜிபி பலகை ஒன்று அலுவலகத்துக்கும் வேண்டும் என்று முந்தின ஆண்டே கேட்டிருந்தோம் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதன்பின் 64 பிட் கர்னலிலும் எல்லாப் பக்கங்களையும் கட்டாயமாகத் தற்காலிக முகவரி வழியே கொண்டுபோகும் டீபக் கன்ஃபிக் (பிழை தேடுவதற்கான அமைப்பு) ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டேன். அதை இயக்கினால், ஒவ்வொரு முகவரிக்கும் இடையில் ஒரு வெற்றுப் பக்கத்தையும் காவலுக்கு விட்டுவைக்கும். பழைய பேட்சை அதில் ஓட்டியபோது, டீ ஆறுவதற்குள் மடிக்கணினி விழுந்தது. வேறு கணினியைப் போலச் செய்துகாட்டும் க்யூஎமு மென்பொருளில் 2 ஜிபி கொண்ட 32 பிட் ஏஆர்எம் எந்திரம் ஒன்றையும் அமைத்தேன். பலகை வாங்கித் தராத நிறுவனத்துக்கு அது செலவில்லாத விடை.

பிறகு 43 இடங்களையும் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பக்கம் எங்கே ஒதுக்கப்பட்டது, முகவரி யார் யார் கைக்குப் போகிறது, திறந்ததற்கும் மூடியதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். மூன்று வாரம் ஆயிற்று. 17 இடங்களில் நடந்தது திறந்து, நகலெடுத்து, மூடுவது மட்டுமே. அதற்கென்றே கர்னலில் மெம்காப்பி டு பேஜ் போன்ற உதவி ஃபங்ஷன்கள் இருக்கின்றன. பக்கத்தில் எழுதும்போது அவை செயலியின் இடைநினைவகமான கேஷைக் கழுவும் வேலையையும் சேர்த்தே செய்துவிடுவதால், நான்கு வரி ஒரு வரியானது. 11 இடங்களில் பக்கத்தை ஒதுக்கியதே எங்கள் டிரைவர்தான். அதுவும் ஹைமெம்மிலிருந்து வராத வகையில் ஒதுக்கியிருந்தது. அங்கே கேமேப்பே தேவையில்லாமல், யாரோ பழக்கத்தில் எழுதிவிட்டது. 12 இடங்கள் நேராக லோக்கலுக்குப் போயின. எஞ்சிய மூன்றில் இரண்டின் கதையைச் சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் காற்று அடங்கி, பராமரிப்புக்காகக் காற்றாலைகளை நிறுத்தும் காலம் வந்ததும் எல்லாப் பெட்டிகளையும் மாற்றினோம். அதற்கு முந்தின வாரம் அந்த மூன்றாவது இடத்தைப் பற்றி அண்ணாச்சியிடம் கேட்டேன். பயனர் கொடுக்கும் ஒரு பக்கத்தை, சாதனம் திறந்ததிலிருந்து மூடும்வரை, மணிக்கணக்கில், பல த்ரெட்கள் பார்க்கும்படி டிரைவர் வைத்திருக்கிறது. லோக்கல் அதற்கு ஆகாது. வேறு வழியில் மாற்றுவதென்றால் பயனர் நிரலையும் மாற்ற வேண்டும். அதற்கு இப்போது நேரமில்லை. தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது கெடக்கட்டும். ஆனா ஏன் கெடக்குன்னு மேல எழுதி வை" என்றார். ஆறு வரிக் குறிப்போடு அந்த ஒரு கேமேப் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை செக்பேட்சை ஓட்டும்போதும் அந்த ஒரு வரிக்காக அது முணுமுணுக்கிறது.