ஓடுகளின் மேல் கோடுகள்

சிட்னியின் சர்குலர் கீ படகுத்துறையில் படகுக்காக நின்றபோது பார்த்தேன். சிட்னி ஓபரா ஹவுஸ் கூரை முழுக்க வெள்ளைக் கட்டக் கோடுகள், கணக்கு நோட்டுத் தாளை எடுத்துப் போர்த்திவிட்டது போல.

விவிட் என்ற சிட்னி ஒளி விழாவுக்கு ஒத்திகை.

ஒரு கோடு மட்டும் கூரை விளிம்பைத் தாண்டி இருட்டில் காணாமல் போயிருந்தது. யாரோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். விழா வண்ணங்களைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

ப்ரொஜெக்‌ஷன் மேப்பிங்கில், அதாவது கட்டடத்தின் மேலேயே படத்தை ஒளியாகப் பாய்ச்சுவதில், பாதி வேலையே இதுதானே. கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் வைத்து, வளைவுக்கு ஏற்றபடி படத்தை முன்கூட்டியே கோணலாக்கி அனுப்ப வேண்டும். அப்போதுதான் பார்ப்பவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். அந்தக் கூரையில் பத்து லட்சத்துக்கும் மேல் ஓடுகள். வெளிர் நிறம் என்பதால் ஒளியை நன்றாகவே காட்டுகின்றன.

2009இல் முதல் விழாவுக்கு அங்கே ஒளியோவியம் செய்தவர் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ.

2018 அக்டோபரில் அதே கூரையில் ஒரு குதிரைப் பந்தய விளம்பரம்! மாநில அரசே வழிவிட்டது. எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அன்று இரவு மக்கள் டார்ச்சும் கைபேசியுமாக வந்து, விளம்பரத்தின் மேலேயே வெளிச்சம் அடித்தார்கள்.

ஆணி அடிக்கவில்லை, பெயின்ட் பூசவில்லை, அணைத்தால் போச்சு, இதில் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. ஊர்ப் பொதுச் சுவரை யார் வாடகைக்கு விடுவது?

சரி, விழாவுக்கு மட்டும் ஸ்பான்சர் இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறார்கள்தான். ஆனாலும் போவேன், சனிக்கிழமை மட்டும் வேண்டாம். கூட்டம் தாங்காது.