போர்ட்டிகோ குறிப்புகள்

2023 ஜூன் 11, ஞாயிறு

வெட்டியாயிற்று. நாலு இன்ச் கட்டிங் வீல், மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பிரேமில் ஹேண்டில்பாரைத் தாங்கும் கழுத்துக் குழாய் தரையில் விழுந்த சத்தத்தில் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, தலையவே எடுத்துப்போட்டயா?"

"இது உக்கடத்துல பழைய இரும்புக்கடையில வாங்குன பிரேம்மா. நம்முளுது அதோ."

நம்முடையது சுவரில் இரண்டு கொக்கியில் தொங்குகிறது, அம்மாவின் பழைய நூல் சேலை சுற்றி. 94 மாடல் புல்லட். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் பிரேமில் கிரைண்டரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வந்தாலும் சட்டம் விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆகவே என் சாப்பர் (பிரேமை வெட்டி, முன்சக்கரத்தை நீட்டிச் செய்யும் வண்டி) ரோட்டைப் பார்க்காது. பொள்ளாச்சியில் மாமாவின் தென்னந்தோப்பு, வாய்க்கால் ஓர மண்பாதை, முக்கால் கிலோமீட்டர். அந்த முக்கால் கிலோமீட்டருக்குத்தான் இத்தனையும்.

ஜூன் 12

அம்மாவின் ரிப்போர்ட் வியாழக்கிழமை.

ஜூன் 14

தூக்கம் இல்லை. ராத்திரி முழுக்கக் கணக்கு போட்டேன்.

நான் அளந்த வரையில் புல்லட்டின் கழுத்துச் சாய்வு 27 டிகிரி. எனக்கு 38 வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கழுத்தின் அச்சை நேராகக் கீழே நீட்டினால் தரையில் ஒரு இடத்தைத் தொடும். டயர் தரையைத் தொடுவது அதற்குக் கொஞ்சம் பின்னால். இந்த இடைவெளிதான் டிரெயில். இப்போது சுமார் 9 செ.மீ. போர்க்கை (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் குழாய்) கழுத்தோடு சேர்க்கும் பிளேட்டுகளை மாற்றாமல் கழுத்தை மட்டும் 38க்குச் சாய்த்தால் 17 செ.மீ. ஆகிறது. மூன்று தடவை போட்டும் 17தான். அந்த அளவில் வண்டி நேராகப் போகும், தேர் மாதிரி. திருப்புவதும் தேர் மாதிரிதான், பக்கத்திலேயே ஒருவன் முட்டுக்கட்டையோடு ஓடிவர வேண்டும். மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் தானாக ஒரு பக்கம் சரிந்து விழும். போட்டோவில் அழகாக இருக்கும் பாதி சாப்பர்கள் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

34க்கு இறங்கிவிட்டேன். 14 செ.மீ. போர்க் நாலு இன்ச் மட்டும் கூடும். ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

விடிகாலை நாலு மணிக்கு அம்மா ரூமில் லைட் எரிந்தது. நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஜூன் 15, வியாழன்

வரவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம்.

போகும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வரும்போது கிடைக்கவில்லை. கால் டாக்சி போடலாம் என்றால் அம்மாவுக்கு ஏசி நாத்தம் குமட்டுகிறதாம். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் பை, கழுத்துப் பிளாஸ்திரி தெரியாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிங்காநல்லூர் வரை நின்றே வந்தாள். "புல்லட் இருந்தா காத்தாட வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நான் முகம் கொடுக்காததைப் பார்த்து, "அதுக்கென்ன இப்ப" என்றாள்.

புல்லட் இருக்கிறது. மூன்று அட்டைப்பெட்டியிலும் ஒரு சாக்கிலும் இருக்கிறது.

ஜூன் 18, ஞாயிறு

மேஸ்திரி வந்தார். பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் வெல்டிங். இப்போது ரிட்டயர்டு, கூப்பிட்டால் வருவார். போன வருஷம் வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார். இடது கண் "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க".

பிரேமை நிறுத்திவைக்க சி-சேனலில் நான் செய்த ஜிக்கைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அப்புறம் மஞ்சப்பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். நான் லேசர் லெவல் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தேன், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்துக் குழாயின் நடுவில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, குண்டு ஆடி ஓயும்வரை ஒரு பீடி. ஓய்ந்ததும் தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. பின்சக்கர அச்சின் நடுவிலிருந்து இன்னொரு புள்ளி. டேங்குக்குக் கீழே போகும் குழாயில் மூன்றாவது. மூன்றையும் சேர்த்து நூல் பிடித்தால் நடுப்புள்ளி நூலுக்கு வெளியே நின்றது, அரிசி அகலம்.

"இந்த வித்தியாசம் சக்கரத்துக்குப் போறப்ப வெரல் தண்டி ஆயிருமுங்க" என்றார்.

நாலு தடவை தளர்த்தி இறுக்கி, நாலாவது தடவை புள்ளி நூலுக்கு அடியில் போய் ஒளிந்தது. மதியம் ஒரு மணி. அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி டேக் வெல்டிங் மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

லேசர் லெவல் வாடகை 400 ரூபாய். சரி.

ஜூன் 19

வேறு ஊர் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். "மறுபடி ஒருதரம் பார்க்க." மறுபடி என்றால் என்ன அர்த்தம் என்று கவுன்டரில் கேட்டேன். டாக்டரைக் கேளுங்கள் என்றார்கள். டாக்டர் லீவு.

ஜூன் 20

அம்மா இரண்டு தோசை சாப்பிட்டாள். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 23

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. ஊரே சிலுசிலுவென்று இருக்கிறது, ஆர்கான் வெல்டிங் மட்டும் செய்ய முடியாது. உருகும் இரும்பைச் சுற்றி வாயு போர்வை மாதிரி நிற்க வேண்டும். காற்று வந்து அதை ஊதித் தள்ளிவிட்டால் வெல்டிங் பற்றில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். மேஸ்திரி வந்து வாசலில் நின்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாமுங்க" என்று போய்விட்டார். ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் இப்படி.

ஜூன் 25, ஞாயிறு

தார்ப்பாய் கட்டி, இடுக்கில் எல்லாம் அம்மாவின் சேலைகளைச் சொருகி (தீப்பொறி படாத பக்கம்தான்), ஒருவழியாக அடித்தாயிற்று.

ஒரே பக்கம் தொடர்ந்து அடிக்க மாட்டார். இங்கே ஒரு இன்ச், எதிர்ப்புறம் ஒரு இன்ச், கீழே ஒரு இன்ச், அப்புறம் டீ. ஆறும்போது இரும்பு தன் பக்கம் இழுக்கும், அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்க ஆள் வேண்டும் என்கிறார். அப்படியும் கடைசியில் குண்டு தொங்கவிட்டால் இடது பக்கம் இரண்டு மி.மீ. போயிருந்தது. வலது மூட்டைச் சூடாக்கி, சாக்கைப் போர்த்தி, தானாக ஆறவிட்டார். இரண்டு மி.மீ. முக்கால் மி.மீ.யாகக் குறைந்தது. "முக்கால நான் ஒத்துக்கிறேன், நீங்களும் ஒத்துக்கோங்க."

பற்று அழகு. ரயில்பூச்சி முதுகு மாதிரி வரிவரியாக.

கழுத்தில் சின்னதாக உங்கள் பெயரைக் குத்தட்டுமா என்று கேட்டேன். 1969இல் வந்த ஈஸி ரைடர் படத்து வண்டி பற்றியும் சொன்னேன். உலகத்துக்கே சாப்பர் என்றால் அந்த வண்டிதான் ஞாபகம் வரும். அதை உருவாக்கிய கிளிஃப் வாஸ், பென் ஹார்டி இரண்டு பேரும் கறுப்பினத்தவர், படத்தில் அவர்கள் பெயரே போடவில்லை, வெளியே தெரிய ரொம்ப வருஷம் ஆனது. மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார்.

"பேரக் குத்தி வெச்சீங்கன்னா, நாளைக்கு போலீஸ் புடிச்சா முதல்ல என்னையத்தான தேடி வருவாங்க?"

ஜூன் 28

கழுத்து.

வேறு எதுவும் ஓடவில்லை. ஆபீசில் டிராயிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு கழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். புல்லட் பிரேமுக்குக் கீழே என்ஜினைத் தாங்கும் தொட்டில் கிடையாது. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் என்ஜினில் வந்து முடிகிறது, என்ஜினே பாலமாக நின்று பின்பாதியைச் சேர்க்கிறது. முன்சக்கரம் குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் அத்தனை உதையும் நேற்று அடித்த அந்த வளையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நேற்று இல்லை, மூன்று நாள் ஆகிவிட்டது. போர்க் நீண்டால் நெம்புகோலும் நீளம். பழைய குழாயில் உள்பக்கத் துருவை நான் முழுக்கத் தேய்த்தேனா? மேல்பக்கம் தேய்த்தது ஞாபகம் இருக்கிறது. அடிப்பக்கம்? அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, பாதியில் எழுந்து போனேன். திரும்பி வந்து தேய்த்தேனா?

மேஸ்திரிக்கு ஒரு கண்தான் சரியாகத் தெரியும்.

இப்படி நினைப்பதே தப்பு. அந்த மனுஷன் முப்பது வருஷம் பம்ப்புக்கு அடித்திருக்கிறார்.

சாயங்காலம் வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. தெரியாததால் நிம்மதி வரவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

கம்பெனி குவாலிட்டி டிபார்ட்மென்ட் நண்பன் விரிசல் பார்க்கும் டிபி டெஸ்ட் டப்பாக்கள் மூன்றையும் கொடுத்தான். முதலில் துடைக்கிற திரவம். அடுத்து சிவப்பு, அடித்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் விட வேண்டும், விரிசல் இருந்தால் அது குடித்துக்கொள்ளும். மேலே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால், உள்ளே போன சிவப்பு வெளியே கசிந்து கோடாகத் தெரியும்.

அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கோலமாவு தூவிய மாதிரி கழுத்து முழுக்க வெள்ளை.

"செவப்பு வந்தா கெட்டதா?"

"ஆமாம்மா."

"வரலீன்னா?"

"மேல ஒண்ணுமில்லீன்னு அர்த்தம்."

"உள்ளார?"

"அதுக்கு எக்ஸ்ரே எடுக்கணும்."

குக்கர் விசில் வந்தது. எழுந்து போனாள்.

கோடு வரவில்லை. கீழே இடதுபக்கம் ஒரே ஒரு புள்ளி, கடுகளவு. பத்து நிமிஷத்தில் மிளகளவு. மேஸ்திரிக்கு போன் செய்தேன். சைக்கிளில் வந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "காத்து" என்று ஒரே வார்த்தை. தோண்டி எடுத்துத் திரும்ப அடித்தார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை. மறுபடி டெஸ்ட், வெறும் வெள்ளை.

அன்றைக்கு அடிப்பக்கம் தேய்த்தேனா என்பது இன்னும் ஞாபகம் வரவில்லை.

ஜூலை 5

என்ஜின் ஏற்றினோம். தீப்பொறிக்கான காண்டாக்ட் பாயின்ட் இடைவெளி 0.38 மி.மீ. வைத்தேன். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்து ஒரு நூல் தாண்டவிட்டு, விட்டு, உதை. ஏழாவது உதையில் எடுத்தது. 346 சிசி, சைலன்சர் இல்லை. எதிர்வீட்டு நாய் மதிலேறிவிட்டது.

அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். திட்டுகிறாள் என்று நினைத்து நிறுத்தினேன். "ஏன் நிறுத்தீட்டே?" என்று கத்தியிருக்கிறாள்.

ஜூலை 6

ரிப்போர்ட் இல்லை.

ஜூலை 8

சீட். ஒற்றை சீட், இரண்டு ஸ்பிரிங், மட்கார்டை ஒட்டி. பின்பக்கம் ஷாக் கிடையாது, வெறும் முக்கோணம். அம்மா சுற்றிச்சுற்றி வந்தாள்.

"நா எங்க உக்கார்றது?"

"இது ஒராளு வண்டிம்மா. தோப்புக்கு மட்டும்."

ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜி.டி. நாயுடு கதையை ஆரம்பித்தாள். ஓட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கி, பிரித்துப் பிரித்துப் பார்த்தாரே, அந்தக் கதை. இந்த ஊரில் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்ட ஒவ்வொரு பையனுக்கும் சொல்லும் கதை. முடிவில் ஒரு வரியை மட்டும் புதிதாகச் சேர்த்தாள்.

"அவரு பிரிச்சதத் திருப்பி மாட்டுனாரு கண்ணு."

ஈரத் துண்டைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் காயப்போட்டாள். உயரம் தோதாக இருக்கிறதாம்.

ஜூலை 10

போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. "பேஷன்ட்டோட கூட ஒருத்தர் கண்டிப்பா வாங்க." ரிப்போர்ட் என்ன என்று கேட்டேன். நேரில் சொல்கிறோம் என்றார்கள்.

கூட ஒருத்தர். நான் என்ன இதுவரை கூட வராமலா இருந்தேன்.

ஜூலை 11

ராத்திரி பத்தரைக்குச் சேலையை அவிழ்த்துப் பிரேமை இறக்கினேன். மேலே பல்லி முட்டை இரண்டு. சேஸிஸ் நம்பரை விரலால் தடவினேன், ஒவ்வொரு எழுத்தும் இருந்த இடத்தில் இருக்கிறது.

என்ஜினைக் கழற்ற ஒன்றரை மணி நேரம். ஏற்ற எவ்வளவு ஆகும் என்று தெரியும், ஒயரிங்தான் பயம். மேஸ்திரிக்குச் சொல்லவில்லை.

ஜூலை 12

லீவு போட்டேன். மேஸ்திரி தானாக வந்துவிட்டார், யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஜிக்கில் வெறும் பிரேமைப் பார்த்தார், பழைய பிரேமில் என்ஜினைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். மதியத்துக்குள் பின்சக்கரம், செயின். சாயங்காலம் டேங்க். நீள போர்க்கை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டோம், அரை மணி நேர வேலைதான். போன மாதமெல்லாம் எதற்கு அவ்வளவு கணக்கு.

அம்மா மூன்று தடவை டீ போட்டாள். எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 13, வியாழன், இரவு

எடுத்தது. சைலன்சரோடு. தட்தட்தட் என்று பழைய சத்தம்.

பின்சீட் ரெக்சின் ஒரு மூலை கிழிந்திருக்கிறது, உள்ளே ஸ்பான்ஜ் தெரிகிறது. இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், நிற்கவில்லை. அம்மா ஊசி கோர்த்துக்கொண்டு வந்து தானே தைக்கிறாள். சைடு ஃபுட்ரெஸ்ட்டுக்கு ஒரு போல்ட் குறைகிறது, சாக்கில் எங்கேயோ இருக்க வேண்டும்.